மீசை வைத்த தரை

எழுபதுகளில் ஒரு மாலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் பாசஞ்சரில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி சிமெண்டு படிந்த சேலையில் சித்தாள். மற்றவள் காலிக் கூடையோடு மீன்காரம்மா.

"எங்க தரைக்கு மீசை மொளைச்சிருக்குதுக்கா" என்றாள் சித்தாள்.

"இன்னாமே சொல்ற?"

"மெய்தான்க்கா. இரும்புக் கம்பெனியில கம்பி கட்டித்தான் தரை போட்டாங்கோ. அப்பிடியும் லோடு எறக்குற எடத்துல விரிசல் உட்டு, மூலை வரிக்கும் ஓடிச்சு. இந்த தபா ஊசி கணக்கா மெல்லிசா, பாதி வெரல் நீளத்துக்குக் கம்பித் துண்டை கான்கிரீட்டுலயே கலந்தோம். மூட்டையோட கொட்டுனா தலைமுடி மாதிரி சிக்குப் புடிச்சுக்கும். நாந்தான் மொறத்துல வாரி, கோலமாவு கணக்கா தூவிக்கினே இருந்தேன். காஞ்சப்புறம் பாத்தா, அங்கங்க நுனி நீட்டிக்கினு நிக்குது."

"கால்ல குத்தாது?"

"குத்தும். அதான் மேஸ்திரி அல்லாரையும் செருப்பு போட்டுக்கினு வரச் சொல்லிட்டாரு."

காலை நீட்டிப் புதுச் செருப்பைக் காட்டினாள்.

"இன்னிக்கு கிரேன்லேர்ந்து இரும்புக் கட்டு நழுவி அந்தத் தரை மேல வுழுந்துச்சு. அல்லாரும் குனிஞ்சு பாத்தோம்."

மீன்காரம்மா மடியிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "விரிசல் வந்துச்சா?"

"வந்துச்சு. மயிரு கணக்கா."

"அத்த போயி இவ்ளோ சந்தோசமா சொல்ற?"

"வந்துச்சுக்கா" என்றாள் சித்தாள், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "மீசை புடிச்சு நிறுத்திடுச்சு. எங்கியும் போவல."