குஜராத்துக்கு வான்வழி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் காலைப் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஒரு தந்தையும் மகளும் அமர்ந்திருந்தனர். மடியில் விரித்த வரைபடத்தைச் சுட்டித் தந்தை சொன்னார்: "இந்த எடத்துல செக்போஸ்ட்டு. சுத்திப் போயிரு."

"வானத்துல ஏதுப்பா செக்போஸ்ட்டு?"

என் செவிகள் தாமே அவர்கள்பால் திரும்பின. மகள், துணி இறக்கையில் மோட்டார் பொருத்திய சிறு வானூர்தி ஓட்டக் கற்றவள். அதில் தனியே குஜராத் வரை பறக்கவிருக்கிறாள். பல்லாண்டு அத்தடத்தில் லாரி ஓட்டிய தந்தை, பெட்ரோல் கேன்களுடன் தரைவழியே வேனில் தொடர்வாராம். இவையெல்லாம் பேச்சினூடே விளங்கின.

"ரோட்ட வுட்டுட்டு நேரா போனா தூரம் எவ்வளவோ கொறையும்ப்பா."

"மூணு மணி நேரத்துல டேங்க் காலியாயிரும்னு நீதான சொன்ன? காட்டுக்கு நடுவுல இஞ்சின் நின்னுட்டா, நான் எந்த வழியா உங்கிட்ட வந்து சேர்றது?"

மகள் வரைபடத்தின் சாலைக்கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். நடத்துநரும் பயணச்சீட்டைக் கிழிக்காமல் கேட்டபடி நின்றுவிட்டார்.

"சரி, ரோட்டு மேலயே பறக்கறேன்."

"நான் எண்பதுக்கு மேல ஓட்ட மாட்டேன். நீ முந்திப் போயிருவ."

"அதோட வேகமும் எண்பதுதான்ப்பா."

அவர் சாளரத்தின் வழியே வானத்தை அண்ணாந்து நோக்கினார், வெகுநேரம் நோக்கினார். "நெசமாவா?"

"எதிர்க்காத்து அடிச்சா அதுவும் வராது. நீங்கதான் வண்டிய ஓரங்கட்டி, நான் வர்ற வரைக்கும் நிக்கணும்."

"லோடுக்காக மூணு நாளு நின்னவன்டி நான். உனக்கு நிக்க மாட்டனா?"