முருகன் படமும் பேருந்தின் பின்கதவும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் இராசையா அவர்களே! பாடமும் பண்பும் ஊட்டும் ஆசிரியப் பெருமக்களே! விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்கு நாசி லெமாக் தேங்காய்ச்சோறு கட்டும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்று, "இவரு எப்ப முடிப்பாரு?" என்று கைக்கடிகாரம் பார்க்கும் அப்பாமார்களே! பெற்றோர் சங்கச் செயலாளன் கோகிலனின் கைகூப்பிய வணக்கம்!

செமோர் பக்கத்து இந்தப் பள்ளியைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் இருந்தது. ரப்பர் போனது, நாம் குடியிருந்த லயத்து வீடுகள் போயின, தோட்டமே போனது. பள்ளி போனதா? போகவில்லை! ஏன் போகவில்லை? தொலைவில் புந்தோங்கில் குடியேறிய நம் பிள்ளைகளைப் பொழுது புலருமுன் ஏற்றிவர மஞ்சள் பேருந்து வந்தது! அந்தப் பேருந்து நின்றால் இந்தப் பள்ளியில் மணி அடிக்குமா? அடிக்காது ஐயா, அடிக்காது!

அப்பேர்ப்பட்ட பேருந்துக்கு நாம் என்ன செய்தோம்? ஆயுத பூசைக்கு மாலை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தோம். அதோடு விட்டோமா? அரசாங்கப் பரிசோதனை முடிந்து வந்த மறுநாளே, நான்கடி முருகன் படத்தைக் கொண்டுபோய்ப் பின்பக்க அவசரக் கதவின் குறுக்கே மாட்டினோம். ஆறு திருகாணி! முடுக்கியது இந்தக் கை! யாரங்கே, "நீங்களாண்ணே?" என்று கேட்பது? ஆமாம் தங்கச்சி, நானேதான்!

ஓட்டுநர் தர்மா அப்போதே சொன்னார்: "அண்ணே, கதவ மறைக்குதுலா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாமி இருக்கும்போது கதவு எதுக்குலா?" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

அதே வாயால் இன்னொன்றும் சொன்னோம். பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயி அக்காவுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, இந்த மாதத்தோடு நின்றுகொள்ளட்டும் என்று தீர்மானம் போட்டோம். ஆண்டு விருந்துக்கு மண்டபம் பிடிக்க மட்டும் பணம் இருந்தது!

போன புதன்கிழமை. பேருந்தில் முப்பத்தொரு பிள்ளைகள். முன்பக்க இன்ஜினிலிருந்து குபுகுபுவென்று புகை. தர்மா ஓரங்கட்டினார். பள்ளியில் பழகிய பயிற்சிப்படி பிள்ளைகள் பின்கதவுக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவள் என் மகள் ஷர்மினி. கைப்பிடி எங்கே என்று தேடினாள். எங்கே இருந்தது? நான் மாட்டிய படத்துக்குப் பின்னால்! பெற்ற மகளை நானே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனே!

அப்போது ஒரு குரல் கேட்டதாம்: "ஏய், பையெல்லாம் போடுங்க! முன்னாடி உள்ள புள்ள கைய புடிங்க, குனிஞ்சு வாங்க!" நாம் வேண்டாம் என்ற அதே ராக்காயி அக்கா! முன்வாசல் வழியாகவே புகைக்குள் மூன்று முறை போய்வந்தார். முப்பத்தொரு பிள்ளைகளையும் சாலையோரம் நிறுத்தி, எண்ணி முடித்த பிறகுதான் நின்று இருமினார்.

தாய்மார்களே! நமக்கு விருந்து வேண்டுமா, ராக்காயி அக்கா வேண்டுமா? விருந்துப் பணம் அக்காவின் சம்பளத்துக்கே போகட்டும்! திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் ஏறுமுன் இரண்டு தாய்மார்கள் பின்கதவைத் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திறக்காவிட்டால் வண்டி நகரக் கூடாது. சம்மதமென்றால் கை தூக்குங்கள்! தலைவர் ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள். என்ன சொல்கிறீர்கள் ஐயா? "தம்பி, எண்ண வேணாம், எல்லாருந்தான் தூக்கியிருக்கினம்" என்கிறாரே! அடடா, அடடா! தட்டுங்கள் கையை!

இதோ, வாசலில் நிற்கிறது நம் பேருந்து. இன்ஜின் சீராகிவிட்டது. முருகன் ஓட்டுநர் தலைக்கு மேலே குடிபோய்விட்டார். உள்ளே ஷர்மினி உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் திரும்பிப் பாருங்கள். ஷர்மினி! தள்ளும்மா!

திறந்துவிட்டாள்! ஒற்றைக் கையால் திறந்துவிட்டாள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அந்தக் கதவருகே நின்று என் மகளை இறக்கிவிடும் ராக்காயி அக்காவுக்கு, நம் எல்லார் சார்பிலும் என் மன்னிப்பு. திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்துவிடுங்கள் அக்கா. வணக்கம்!