“நான் பாத்துக்கறேன்”

பஸ் தலத்தெரு தாண்டியதும் முன்சீட்டிலிருந்து அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது.

“படத்துல அந்த ஆளு ‘நான் பாத்துக்கறேன்’னு யாரப் பத்திச் சொன்னாலும், அடுத்த சீன்ல அவன் மவுத்து, ஆளு காலி.”

சொன்னவர் அக்கா. பக்கத்தில் தங்கை, மடியில் கைபேசியைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

“அது படம், லாத்தா. அதுல வில்லனா நடிச்சவரு எம்பி ஆனாரு, இப்ப எங்க வூட்டுக்காரவங்க பொழைக்கப் போன நாட்டுல நம்ம தூதரா இருக்காரு. அவங்கள ஜெயில்லேருந்து வெளிய எடுக்க அவருதானே அலையுறாரு?”

“லாரி யார் மேலயோ மோதுனதுக்கு ஏறி உக்காந்திருந்தவரையுமா புடிப்பானுவோ? சரி, நேத்து போன்ல தூதர் என்ன சொன்னாரு?”

“‘நான் பாத்துக்கறேம்மா’ன்னாரு.”

“அதே குரல்லயா?”

“அதே குரல்தான் லாத்தா. நான் ராத்திரி பூரா தூங்கல.”

கைபேசி அடித்தது. அக்கா பிடுங்கப் போனார், தங்கை விடவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி யாரோ டிரைவரிடம் கத்தினார்.

“சார், பாத்துக்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க உசுரோட இருந்தா எங்கிட்டப் பேசச் சொல்லுங்க.”

“லைன்லயே இருங்கம்மா” என்று மறுமுனை சொன்னது எனக்கும் கேட்டது. வரிச்சிக்குடியில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. கண்டக்டரும் என்னை விரட்டவில்லை.

பிறகு அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“சாப்பிட்டீங்களா?”