ஜீவமணியோட பல்லுக் கம்பி

...கம்பியாக்கா இது? உப்பளத்துக்கு வேலி போடுத கம்பி கூட இத விட சாதுவா இருக்கும். பிள்ளையோட மேலுதட்ட உள்ளாற குத்திக் கிழிச்சிட்டுல்லா! இன்னையோட ஆறு நாளு. வெறும் கஞ்சி, இளநி, கஞ்சி, இளநி... டாக்டரு மதுரக்காரரு, மாசத்துல ஒரு சனிக்கெழமதான் தூத்துக்குடிக்கு வாராராம். பல்லுக்கு என்ன தெரியும் சனியும் ஞாயிறும்?

நீங்க பேசாதிய. கன்னம் வீங்கி, வாயில கிராம்ப அடக்கிக்கிட்டு இருக்கிய. தலைய ஆட்டுங்க, போதும். காயல்பட்டணமா? அதான பாத்தேன். எனக்குப் பேரு அற்புதமணி. நாசரேத்துதான் சொந்த ஊரு, எங்க வீட்டுக்கார் ஹார்பர் ஆபீசுல இருக்காவ, அதனால இங்கனயே வாசம். இவ எம் மக ஜீவமணி, ஒம்பதாங் கிளாசு. ஏளா, தலைய நிமுத்தி உக்காரு!

முன்பல்லு ரெண்டும் துருத்திக்கிட்டு இருக்கும்க்கா. என் பக்கம் கெடையாது, என் பல்லப் பாருங்க... ஈ... பாத்தியளா? எல்லாம் அவிய குடும்பத்துச் சீதனம். கம்பி போட்டா உள்ள போயிரும்னு இந்த டாக்டரு சொன்னாரு. போட்டாரு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எவர்சில்வர் வளையம், அதுக்கு மேல கம்பி. போட்டுட்டு ஒரு பிரசங்கம் வச்சாரு பாருங்க! முறுக்கு கூடாது, பனங்கெழங்கு கூடாது, கடலை மிட்டாய் கூடவே கூடாது. கம்பி குத்துனா பஞ்ச வச்சித் தொடச்சிட்டு, துளி மெழுகு உருட்டி அதுமேல அமுக்கணும். உப்புத் தண்ணியில கொப்புளிக்கணும். நம்மூர்ல வந்து உப்புக்கு யோசன சொல்லுதாரு! வளையம் கழண்டா தூரப் போடாம கொண்டாரணும். நீங்களா ஒண்ணும் கை வைக்காதீங்கம்மான்னு என்னயப் பாத்து மூணு தடவ சொன்னாரு. மூணு தடவ! என்னயப் பாத்தா கை வைக்கிறவ மாதிரியா இருக்கு?

இதுல, போன ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல பிரதிஷ்டைப் பண்டிகை, பிஷப் அய்யாவே வந்திருந்தாவ. பாடகர் குழு வாத்தியார் தேவபிரசாதம், இவளத்தான் தனிப்பாட்டுக்கு நிறுத்தினாரு. இவ குரல் அப்பிடி இருக்கும்க்கா, நான் பெத்தேன்னு சொல்லல. எங்க பக்கத்து வீட்டு கிருபாபாய்க்குப் பொறுக்கல. அவ மகளுக்குத்தான் பாட்டு கெடைக்கும்னு பட்டுப் பாவாடையெல்லாம் தச்சி வச்சிருந்தா. கொழாயடியில நாலு பேரு நிக்கையில சொல்லுதா, ‘ஜீவமணி வாயத் தொறந்தா சைக்கிள் கடை மாதிரில்லா இருக்கு, பிஷப் அய்யா பயந்துரப் போறாவ’ன்னு. எல்லாரும் சிரிச்சாளுவ. எனக்கு ராத்திரி சோறு எறங்கல பாத்துக்கிடுங்க.

ஆனாலும் எம் மக பாடினா! மூணு சரணமும் பாடினா. கண்ணுல தாரையா தண்ணி. எனக்குப் புல்லரிச்சிட்டு. பிள்ளைக்கு எம்புட்டு பக்தின்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னேன். பாடி முடிச்சி எறங்கி வந்து கர்ச்சீப்ப வாயில வச்சா, செவசெவன்னு ரத்தம்.

எல்லாம் அந்த கிருபாபாய் வேலதான். பண்டிகைப் பந்தியில ஒரு கடலை மிட்டாய எடுத்து இவ கையில குடுத்தா. இவ கடிச்சா, டொக்குன்னு வளையம் தெறிச்சி, கம்பி நட்டுக்கிட்டு...

என்னக்கா அப்பிடிப் பாக்கிய? ஆமா, பந்தி பாட்டுக்குப் பெறவுதான். அதுக்கென்ன? ரத்தம்... ரத்தம் முன்னாலயே வந்திட்டு. சரி, பந்திக்கு முன்னால குடுத்திருப்பா.

ஏளா, நீ என்ன முணுமுணுக்க? வாயத் தொறந்தா குத்தும்னு சொன்னேன்லா... என்ன? ‘கிருபாபாய் அத்தைய ஏம்மா சொல்லுத’ன்னா கேக்க? உனக்கு அவ அத்தையா?

அக்கா, கிட்ட வாங்க. யாருகிட்டயும் சொல்லாதிய. முன்பல்லு ரெண்டுலயும் உள்ள வளையத்த மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் கழத்திட்டா, பாட்டு முடிஞ்சி மறுபடியும் மாட்டிரலாம்னு நெனச்சேன். மோதிரம் மாதிரி போட்டுக் கழத்துததுதானன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரோட குறட எடுத்து நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுதான்க்கா... இவ ‘வேண்டாம்மா, டாக்டரு திட்டுவாரு’ன்னா. நான் நாடியப் பிடிச்சி வாயத் தொறக்க வச்சேன். ஒரு வளையம் வந்திட்டு. இன்னொண்ணு வரல. இழுத்த இழுப்புல கம்பி முறிஞ்சி முன்னால நட்டுக்கிட்டு. அதுக்குள்ள கோயில் மணியும் அடிச்சிட்டு.

அந்த முள்ளோடதான் மூணு சரணமும் பாடியிருக்கா. நான் பக்தின்னு...

அன்னைக்கே டாக்டருக்கு டிரங்க் கால் போட்டிருந்தா, பஸ் ஏறி வாங்கன்னு சொல்லியிருப்பாரு. மதுர என்ன லண்டனா? எப்படி ஆச்சின்னு கேப்பாரேன்னு நான்தான் போடல. மெழுகுவர்த்தியக் கிள்ளிக் கிள்ளி வச்சி ஆறு நாளு ஓட்டினேன். ராத்திரி முனங்குவா. நான் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவேன்.

இந்தா கூப்பிடுதாங்க. ஜீவமணி, எந்திரி. நானும் வாரேன். என்னது? நான் இங்கனயே இருக்கணுமா? நீயே சொல்லிக்கிடுவியா? என்ன சொல்லப் போற? ஏளா, நில்லு... அந்த வளையம் கெடக்க தீப்பெட்டியையும் பிடுங்கிட்டுப் போறாளேக்கா. கதவச் சாத்திட்டா.

என்ன சொல்லுதான்னு கேக்குதா உங்களுக்கு? ‘நானேதான் இழுத்திட்டேன் டாக்டர்’ங்கா... ஏக்கா, அவளேதான் இழுத்தாளாம். டாக்டரு ஏசுதாரு. நல்லா ஏசுதாரு.

கொஞ்சம் வழி விடுங்க. காலத் தூக்குங்கக்கா, நான் போணும். டாக்டர்! டாக்டர், கதவத் தொறங்க. பிள்ளைய ஏசாதிய. நான்தான் டாக்டர். என் கையாலதான் இழுத்தேன்.