அஞ்சு வார்த்தை

— பையைக் கீழ வைடி. ஜிப்பு பிஞ்சுடும்.

— பிஞ்சா பிஞ்சுட்டுப் போகட்டும். இனிமே இதைத் தூக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?

— பம்பரம்... கொஞ்சம் உட்காரு.

— உட்கார மாட்டேன். நாளைக்குக் காலைல ஏர்போர்ட் பஸ்ல உனக்கு சீட்டு இருக்கு. நீ கோல்கீப்பர், கோல்ல சுவரு மாதிரி நிப்ப, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ என்ன வேணா பேசலாம்.

— பிசியோ அக்கா என்னதான் சொன்னாங்க?

— "இந்த டூர் வேண்டாம்மா, ஓய்வு எடு"ன்னாங்க. காலைல தலைக்கு டெஸ்ட் வச்சாங்க, பாஸ் பண்ணேன். மத்தியானம் கூப்பிட்டு வேண்டாங்கறாங்க. நடுவுல யாரோ போய் ஊதியிருக்கா.

— யாரு போய்...

— ஒன்பதாம் நம்பர்தான். வேற யாரு? நான் போகலைன்னா அவதானே இறங்குவா. பந்து பக்கத்துல வந்தா கண்ணை மூடிக்கிறவ. அவ நாட்டுக்காக ஆடப் போறா, நான் ஹாஸ்டல் ஜன்னல் கம்பியை எண்ணிட்டு இருக்கணும்.

— அவ ஊர்லயே இல்லைடி. அக்கா கல்யாணத்துக்குப் போயிருக்கா.

— போன் இல்லையா அவகிட்ட?

— பாவம், அவளை விடு. முதல்ல அந்தத் திரையைத் திற. ரூமே குகை மாதிரி இருக்கு.

— வேண்டாம். வெயில் கண்ணைக் குத்துது.

— வெளிய மேகம் போட்டிருக்குடி.

— பேச்சை மாத்தாத. எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியலை சுவரு. போன வருஷம் கால் விரல் ஒடிஞ்சுதே, அப்ப இந்த அக்கறை எல்லாம் எங்க போச்சு? "டேப்பைச் சுத்திக்கோ, செமி பைனல்"னாங்க. சுத்திக்கிட்டு ஆடினேன். ஆம்பளைப் பசங்க போட்டுக் கழிச்ச ஜெர்சியை இடுப்புல மடிச்சுக் கட்டிட்டு ஆடினோமா இல்லையா? அவங்க மிதிச்சுக் குழியாக்கிட்டுப் போன கிரவுண்டு நமக்கு. அவங்களுக்கு டீமோடயே டாக்டர், நமக்கு ஐஸ் பை. அதுவும் ஓட்டை.

— இல்லைங்கலையே...

— இத்தனையும் வாயை மூடிட்டு ஆடி மேல வந்தா, இப்பத்தான் திடீர்னு என் உடம்பு மேல பாசம் பொங்குதாம். போன தடவை நாட்டு டீம்ல கடைசி நேரத்துல இறக்கிவிட்டாங்க. பந்து ரெண்டு தடவை கால்ல பட்டுது, விசில் ஊதிட்டாங்க. அதுக்கே அப்பா அவர் வேலை பார்க்கற பஸ் டிப்போ முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாரு. இந்தத் தடவை முதல் பதினோரு பேர்ல நான். "பொண்ணுக்கு எதுக்குப் பந்து"ன்னு கேட்ட சித்தியை, அம்மா போன் போட்டு விடிய விடியப் பழி வாங்கியிருக்கா. இப்ப அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல?

— சரி... பாஸ்னு சொல்றியே, எப்படி பாஸ்?

— எப்படின்னா? சீசன் ஆரம்பத்துல என்ன மார்க்கோ அதே மார்க். குறையலை. குறையலைன்னா தலைக்கு ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்?

— ஆரம்பத்துல அந்த மார்க்கை எப்படி எடுத்தோம்னு மறந்துட்டியா?

— ஏன் மறக்கறேன்? சீனியருங்க சொல்லிக் கொடுத்ததுதானே. அக்கா அஞ்சு வார்த்தை சொல்லுவாங்க, கொஞ்சம் கழிச்சுத் திருப்பிக் கேட்பாங்க. வேணும்னே ரெண்டைச் சொல்லிட்டு முழிக்கணும். அப்புறம் என்னிக்காவது தலையில அடிபட்டு உளறினாலும், "இவ எப்பவுமே மக்குதான்"னு விட்டுடுவாங்க. டீம்ல யாரு பண்ணலை? நீ என்னைவிட மோசம். ஒத்தைக் கால்ல நில்லுன்னா நாற்காலியோட சேர்ந்து விழுந்த.

— அது கொஞ்சம் அதிகமாப் போச்சு...

— பிசியோ அக்கா உனக்கு வேப்பிலை அடிக்கலாமான்னு பார்த்தாங்க.

— சிரிப்புக் காட்டாத. போன வாரம் பைனல்ல என் கை உன் தலையில பட்டப்ப...

— பட்டுது. பந்தைக் குத்த வந்த, நான் குறுக்க வந்தேன். விழுந்தேன், எழுந்தேன். அதுக்கப்புறம் கோல் அடிக்கலையா நான்? தலை கெட்டவ அப்படி ஒரு கோல் அடிப்பாளா?

— அந்தக் கோலைச் சொல்லேன்.

— எத்தனை தடவைடி கேட்ப?

— நான் தூரத்துல நின்னேன். சரியாத் தெரியலை. சொல்லு.

— இடது பக்கம் பந்து வருது. ஒருத்தியைச் சுத்திட்டுப் போறேன், இன்னொருத்தி உட்கார்ந்துட்டா. ஜடை அவிழ்ந்து பறக்குது. தூரக் கம்பத்து ஓரமா ஒரு உதை. நீ அந்தக் கோடியில கையைத் தூக்கிட்டுத் துள்ளிக் குதிக்கிற...

— நான் குதிச்சதைப் பார்த்தியா?

— பின்ன?

— நான் உன் முதுகுக்குப் பின்னாலடி. மைதானத்தோட மறுகோடி. உன் ஜடை பறந்ததும் உன் கண்ணுக்குத் தெரியாது. அது உங்க அண்ணன் கேலரில உட்கார்ந்து எடுத்த வீடியோ.

— ... அடிச்சது நான்தானே. எங்கேருந்து பார்த்தா என்ன?

— விசில் ஊதினதும் நீ எதிர் டீம்காரங்க பெஞ்சுக்குப் போய், "என் தண்ணி பாட்டில் எங்க"ன்னு கேட்ட. அது வீடியோல இல்லை.

— இல்லை... நான்... நீயாக் கதை கட்டாத.

— கையைப் பிடிச்சு நான்தான் கூட்டிட்டு வந்தேன்.

— சுவரு.

— ம்.

— ஒன்பதாம் நம்பர் இல்லை. நீதான்.

— ... ஆமா.

— நீயா? ஒரே தட்டுல சாப்பிட்டோமேடி. என் ஷூ கிழிஞ்சப்ப ஒரு மேட்ச் பூரா உன் ஷூவுல பஞ்சு அடைச்சு ஆடினேன். கூடப் பொறந்தவளா இருந்தாக்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியே.

— திட்டு. இன்னும் திட்டு.

— அடிச்சதும் நீ, போட்டுக் கொடுத்ததும் நீ. எந்த முகத்தோட நாளைக்கு பஸ் ஏறுவ?

— ஏறலை.

— என்ன?

— நான் சொன்னதை அக்கா முதல்ல நம்பலை. "மார்க் அதேதானே இருக்கு"ன்னாங்க. அப்ப நாம பண்ணின கூத்தைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. உன்னுதை மட்டும் எப்படிச் சொல்ல? என்னுதையும் சொன்னேன். என்னையும் நிறுத்திட்டாங்க.

— ... உனக்குப் பைத்தியமா? உனக்குத் தலையில அடியே படலையே.

— ஏமாத்தினவ ஏமாத்தினவதானாம்.

— மக்கு. மக்கு. உண்மையிலேயே மக்குடி நீ.

— இருந்துட்டுப் போறேன். அதைவிடு. எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். காலைல ஆரம்ப மார்க்கே வரணும்னு, மறுபடியும் கணக்கா ரெண்டு வார்த்தையோட நிறுத்தி நடிச்சிருக்க பாரு... அந்த அளவுக்கு மூளை வேலை செய்யுதே. செய்யுதுதானே? ... ஏய். எதுக்குடி அப்படிப் பார்க்கற?

— நடிக்கலை சுவரு... இன்னிக்கு அஞ்சையும் சரியாச் சொல்லிடணும்னுதான் போய் உட்கார்ந்தேன்.