டாக்டரைக் கேட்காத வேண்டுதல்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது அநாகரிகம் என்று நான் படித்த புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் புதுக்கோட்டையிலிருந்து விராலிமலை பஸ்ஸில் போனதில்லை. பின் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், ஐம்பதைத் தாண்டியவர்கள்.

"ஒங்க நெஞ்சுவலி நல்லாச்சுன்னா நீங்க மலையேறுவீங்கன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"நல்லாயிருச்சு. ஆனா மலையேறக் கூடாதுன்னுல்ல டாக்டர் சொல்லிட்டாரு."

"ஐ.சி.யூ. வாசல்ல நிக்கிறவ டாக்டரைக் கேட்டுக்கிட்டா வேண்டுவா?"

"ஒரு தேங்காய் ஒடைக்கிறதா வேண்டியிருக்கலாம்ல?"

"தேங்காய்க்குப் பொழைக்கிற மாதிரியா அன்னிக்குக் கெடந்தீங்க?"

நான் படித்த பக்கத்தையே மறுபடி படிக்கத் தொடங்கினேன். அந்த அம்மாவின் குரல் இறங்கியது.

"சொன்னதைச் செய்யலேன்னா மறுபடி வந்துருமோன்னு பயமா இருக்குங்க."

துண்டை உதறும் சத்தம் கேட்டது.

"இந்தா, என் துண்டு. இதைத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்காக நீ ஏறு."

"சாமி ஒத்துக்குமா?"

"கல்யாணமானதுலேருந்து என் வேலையெல்லாம் நீதானே பாக்குறே? சாமிக்குத் தெரியாமலா இருக்கும்?"

விராலிமலையில் இறங்கினோம். எனக்கும் அடிவாரத்தில் ஏதோ வேலை இருப்பதாக நானே நம்பிக்கொண்டு பின்னால் போனேன். அவர் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்தார். அந்த அம்மா துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று ஏறினார்.

கீழேயிருந்து அவர் கத்தினார்:

"ஏய், மெதுவாப் போ! எனக்கு மூச்சு வாங்கும்ல!"

அந்த அம்மா நின்றார். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.