ஆறு கல்லையும் தனியாகத் தூக்கினேன் என்றவருக்கு

வளையாத வரைகோலே! வார்த்தையில் சிக்கனமும் வேலையில் தாராளமும் காட்டிய பொறியாளரே! எங்கள் அலுவலகக் கூரையே சாய்ந்தபோதும் தான் சாயாமல் நின்ற தூணே! அன்புக்குரிய எங்கள் ரசமட்டம் ஐயா அவர்களே! வணக்கம்.

சுவர் சாய்ந்திருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் முன்பே உங்கள் கண் சொல்லிவிடும். அதனால் கொத்தனார்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இது. உங்களுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தோம். போன வாரம் போனை எடுத்து, "ரசமட்டம் பேசுறேன், சொல்லுங்க" என்றீர்களே, அன்றைக்கு எங்கள் மானம் போனது. ரசமட்டத்துக் குமிழிபோல நீங்கள் நடுவிலேயே நின்றீர்கள். அந்தக் குற்றத்துக்காக ஒரு கட்சியின் ஆட்சியில் மறு கட்சியின் ஆள் என்று பெயர் வாங்கினீர்கள். மறு கட்சி வந்ததும் பழைய கட்சியின் கைக்கூலி ஆனீர்கள்.

இன்று நீங்கள் ஓய்வு பெற வேண்டிய நாள். நேற்று மாலை வந்தது பணியிடை நீக்க உத்தரவு. விசாரணை முடியும்வரை ஓய்வும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. விழாவுக்கு அலுவலகக் கூடத்தைக் கேட்டோம். பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே சிமெண்ட் மூட்டைகளை நாற்காலியாக்கி, இந்தச் சரக்குக் கொட்டகையில் உங்களை உட்கார வைத்திருக்கிறோம். பொறுத்தருள்க!

ஐயா! நம் துறை கட்டியவற்றைப் பட்டியலிடுவது பாராட்டு மடலின் மரபு. எதைச் சொல்ல? நாற்சந்தியில் செயற்கை நீரூற்று கட்டினோம்; திறப்பு விழா அன்று டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பீய்ச்சினோம்; லாரி போனதும் ஊற்றும் போனது. மந்திரியின் கார் குலுங்கக் கூடாதென்று ரோடு போட்டோம். அவர் திரும்பிப் போனதும் ரோடும் பெயர்ந்தது. வேண்டாம் என்று நீங்கள் குறிப்பெழுதினீர்கள். வேண்டும் என்று மேலிருந்து பதில் வந்தது.

எல்லாவற்றுக்கும் மகுடம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் சாக்கடை ஓடை. அதற்கு ஒரு நடைபாலம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடமே வரைபடம் போட்டுக் கொடுத்த சின்னஞ்சிறு பாலம். ஒரு கட்சி வந்து மேடை போட்டு, தோரணம் கட்டி, ஆளுயர அடிக்கல் நாட்டும். மறு கட்சி வந்து திட்டத்தை ரத்து செய்யும். பிறகு அதே பாலத்துக்குத் தன் தலைவர் பெயரில் புதுக் கல் நாட்டும். ஒவ்வொரு மேடைக்கும் ஆன செலவில் பாலத்தையே கட்டியிருக்கலாம். பழைய கல்லைப் பெயர்த்து வருவது மட்டும் நம் வேலை. உடைத்தால் வழக்கு, வெளியே தெரிந்தால் வம்பு. ஆகவே சாக்குப் போர்த்தி இந்தக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினோம். ஆறு கல் சேர்ந்தது. பாலம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தை மறக்க முடியுமா? நம் வாட்ச்மேன் அண்ணனின் மனைவி, பிரசவ வலியோடு அந்த ஓடையில் இறங்கி வழுக்கி விழுந்தார். தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. துக்கம் விசாரிக்கப் போன உங்களிடம் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாலம்தான் வரல ஐயா. பாலத்துக்கு வச்ச கல்லாவது வரக்கூடாதா?"

அடுத்த ஞாயிறு காலை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, "கடப்பாரை எங்கப்பா?" என்றீர்கள்.

ஓடையின் நடுவே செங்கல் தூண் எழுப்பி, ஆறு கல்லையும் மேலே கிடத்தினீர்கள். எழுத்துள்ள பக்கம் வழவழப்பு, கால் வழுக்கும். யார் பெயரையும் மிதித்ததாகவும் இருக்கக் கூடாது என்று எழுத்தைக் கீழ்ப்பக்கம் வைத்தீர்கள். அதன்மேல் நோயாளிகள் நடந்தார்கள், தள்ளுவண்டி போனது. நம் துறை செய்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இந்தக் கோடையில் ஓடை வற்றியது. கட்சிப் பிரமுகர் ஒருவர் அவசரத்துக்கு அந்தக் கற்களின் நிழலில் ஒதுங்கினார். வேலையை முடித்து அண்ணாந்து பார்த்தவருக்குத் தலைக்கு மேலே தன் தலைவரின் பெயர்! மறுநாள் ஊர்வலம். இரண்டு கட்சியின் கல்லும் இருந்ததால் இரண்டு கட்சியும் வந்தன. பாலத்துக்காக ஒருநாளும் ஒன்றுசேராதவர்கள் கல்லுக்காக ஒரே குரலில் கோஷம் போட்டார்கள். கற்களைப் பெயர்த்துக் கழுவி லாரியில் ஏற்றிப் போனார்கள். அவற்றை வைக்க ஒரு மணிமண்டபமாம், டெண்டர் விட்டாயிற்று. ஓடையில் ஜனங்கள் பழையபடி இறங்கி ஏறுகிறார்கள்.

தலைவர்களை அவமதித்ததாக உங்கள்மேல் புகார். விசாரணை அதிகாரி உங்களிடம் கேட்டதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டோம்.

"ஒரு கல்லைத் தூக்க நாலு பேர் வேணும். கூட யாரு? பேரைச் சொல்லுங்க, உங்க ஃபைலை இன்னைக்கே மூடிடறேன்."

"நான் மட்டும்தான் சார்."

"தனியாவா? என்ன கனம் கனக்குது அது!"

"கல்லு லேசுதான் சார். அதுல செதுக்கியிருந்த பட்டங்கள்தான் கொஞ்சம் கனம்."

நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டோம். வாயைத் திறந்தால் எங்கள் வேலை போகும். மூடியிருந்தால் உங்கள் வாழ்நாள் உழைப்பு போகும். மூடிக்கொண்டோம்.

இந்த மடலுக்கு உங்கள் ஊரும் படிப்பும் கேட்க வீட்டுக்கு வந்தபோது, உங்கள் வீட்டம்மா எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாராட்டு எல்லாம் அப்புறம்ப்பா. அவர் வாயைத் திறக்க மாட்டார். நீங்களாவது திறங்க."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம் ஐயா. திரும்பும் வழியில் ஓட்டுநர் தம்பி வண்டியை ஓரம் கட்டினான். "வேலை போனா நாளைக்கே வேற லாரி ஓட்டிக்குவேன். ஐயா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

ஆகவே, இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் இரண்டு செய்யச் சொன்னோம். ஒன்று உங்கள் வீட்டுச் சுவருக்கு. இன்னொன்று விசாரணை அதிகாரியின் மேசைக்கு; நாளைக் காலை நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். இது போதுமா, உங்கள் ஓய்வூதியம் திரும்புமா, தெரியாது. வாழ்க பல்லாண்டு என்று வாயால் வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போவதைவிட இது கொஞ்சம் மேல் என்று மட்டும் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. நல்ல உடல்நலத்தோடு இருங்கள். எங்கள் விசாரணைக்கு நீங்கள் வந்து வெளியே நிற்க வேண்டும்.

இங்ஙனம்,

கல்லின் தலைமாட்டைப் பிடித்த கொத்தனார்
கால்மாட்டைப் பிடித்த மேஸ்திரி
இடப்பக்கம், லாரி ஓட்டுநர்
வலப்பக்கம், குழாய் ரிப்பேர்க்காரர்
சாக்கை விலக்கிக் கொடுத்த தட்டச்சு அக்கா
முதல் ஆளாக அதன்மேல் நடந்து பார்த்த வாட்ச்மேன்